கழிவு போகப் பன்னிரண்டு டெசிபல்

மோட்டார் சைக்கிள்கள் அதிகம் சத்தம் போடக் கூடாது என்பதில் எங்கள் அலுவலகத்தில் எக்காலத்திலும் மாற்றுக் கருத்து இருந்ததில்லை. அந்தக் கருத்து எப்போது உருவானது என்பதற்கான கோப்பு மட்டும் கிடைக்கவில்லை.

சூரியநெல்லிக்கு மேலே, தேயிலைச் செடிகளைப் பிடுங்கிய ஒரு மேட்டில், தனியார் ஒருவர் ஓட்டத்தடம் போட்டிருக்கிறார். மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே 'ட்ராக் டே'. சாலையில் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும் வேகத்தில் அன்று யாரும் ஓட்டலாம். பக்கத்துக் காட்டில் யானைகள் இருப்பதால், தொண்ணூற்றைந்து டெசிபலுக்கு மேல் சத்தமிடும் வண்டி தடத்தில் இறங்கக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. மலையாளத்தில் மூன்று பக்கம். யானைகளைத் தவிர சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நகல் அனுப்பப்பட்டது.

அதை நடைமுறைப்படுத்த வந்தவர் வட்டார ஒலிநிலைச் சிறப்புப் பரிசோதனை அலுவலர் அமிர்தநாதன். அவருக்கு உதவியாளன் நான். பாலக்காட்டிலிருந்து மாற்றலாகி வந்த மொய்தீன், வயது ஐம்பத்து நாலு. என் பணி, சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தைக் குச்சியால் அளந்து காட்டுவது, கருவி சொல்லும் எண்ணை எழுதுவது, அலுவலர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தையும் போடுவது.

காலை எட்டு மணிக்குச் சோதனை தொடங்கியது. முதலில் வந்தது ரிசார்ட்டில் தங்கியிருந்த கொச்சிக்காரர்களின் அணி. தலைவன் சுவக்கீன் என்ற இளைஞன். உடம்பெல்லாம் தோல் உடுப்பு. அவர்களுடைய சைலன்சர்கள் தனியாக வாங்கிப் பொருத்தியவை. வாயில் ஒரு அடைப்பானைச் செருகினால் சத்தம் அடங்கும், உருவினால் மலையே அதிரும். செருகிக்கொண்டு வந்தார்கள். தொண்ணூற்று நாலு. பச்சை ஸ்டிக்கர் ஒட்டினோம். ஸ்டிக்கரின் பசை காய்வதற்குள் எங்கள் முன்னாலேயே அடைப்பானை உருவிப் பைக்குள் போட்டார்கள்.

"சார், கழட்டறாங்க," என்றேன்.

"சோதனை நேரத்தில் எவ்வளவு சத்தம் என்றுதான் சர்க்குலர் கேட்கிறது, மொய்தீன். மற்ற நேரம் அவர்களுடைய சொந்த நேரம்."

சுவக்கீன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "சத்தம் இல்லாட்டி வேகம் போற மாதிரியே இருக்காது அங்கிள்."

பத்து மணிக்கு விழா தொடங்கியது. சோதனை மேசை விருந்தினர் கண்ணில் படவேண்டும் என்பதற்காக மேடைக்குப் பக்கத்திலேயே போடப்பட்டிருந்தது. இந்தப் பக்கம் செண்டைமேளம், அந்தப் பக்கம் ஜெனரேட்டர், தலைக்கு மேலே இரண்டு ஒலிபெருக்கிகள். சிறப்பு விருந்தினர் அமைதியின் அவசியத்தைப் பற்றி உரத்த குரலில் பேசத் தொடங்கினார்.

அப்போதுதான் பதினேழாம் டோக்கன் வந்தது. நிமி, வயது இருபத்திரண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கும் சுடலைமணியின் மகள். போடிமெட்டு வளைவுகளில் ஓட்டிப் பழகியவள். அன்று கோயம்புத்தூரிலிருந்து கற்பகம் என்ற பெண்மணி ஒரு பந்தயக் குழுவுக்கு ஆள் எடுக்க வந்திருந்தார். இருப்பது ஒரே இடம். ஒரு சுற்றை ஒரு நிமிடம் இருபது விநாடிக்குள் முடிக்க வேண்டும். பகல் பன்னிரண்டுக்குத் தொழிற்சாலைச் சங்கு ஊதும்போது அவர் கிளம்பிவிடுவார். போன வாரப் பயிற்சியில் நிமி ஒரு நிமிடம் பத்தொன்பதில் முடித்திருந்தாள்.

வரிசையில் நிற்கும்போதே சுடலைமணி சுற்றறிக்கையை என்னிடம் நீட்டியிருந்தார். "சார், நமக்கு மலையாளம் பேசத்தான் வரும், படிக்க வராது. இதுல நம்ம பிள்ளைக்குப் பாதகமா எதுவும் இருக்கா?"

"ஒன்றுமில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது," என்றேன்.

குச்சியை வைத்தேன். நிமி எஞ்சினை முடுக்கினாள். தொண்ணூற்றேழு.

"நிராகரிக்கப்பட்டது," என்றார் அமிர்தநாதன்.

"சார், இது கம்பெனி சைலன்சர்! ஒரு ஆணிகூட மாத்தல," என்றார் சுடலைமணி. "ஏட்டி நிமி, வண்டிய ஆஃப் பண்ணு. இப்பப் பாருங்க சார்."

எஞ்சின் நின்றது. கருவியைப் பார்த்தேன். தொண்ணூற்றேழு.

அமிர்தநாதன் நீண்ட நேரம் யோசித்தார். "இது இன்னும் மோசம். ஓடாமலேயே தொண்ணூற்றேழு! இது ஓடினால் என்ன ஆகும்?"

"ஓடினப்பவும் அதே தொண்ணூத்தேழுதான சார்," என்றாள் நிமி.

"அது உன் வண்டியின் பிடிவாதத்தைக் காட்டுகிறது."

அந்த நேரத்தில் தோட்டத்தில் காலைக் கொழுந்து எடை முடிந்து ஓடி வந்தாள் அவளுடைய அம்மா அழகுத்தாய். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் நேராக அலுவலரிடமே போனாள்.

"எய்யா, நாங்க கொழுந்து நிறுக்கையில சாக்குக்கு ரெண்டு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோன்னு கழிக்காகல்லா? அந்த மாதிரி நீங்களும் கொட்டுச் சத்தத்தக் கழிச்சுட்டு வண்டிச் சத்தத்த மட்டும் எழுதுங்க. எங்க கிட்ட கழிக்கதுக்குச் சட்டம் இருக்கு, எங்களுக்காகக் கழிக்கதுக்குச் சட்டம் இல்லியா?"

அமிர்தநாதனின் முகம் மலர்ந்தது. முன்னுதாரணம் என்று ஒன்று கிடைத்துவிட்டால் அவர் எந்த நியாயத்துக்கும் தடையாக இருப்பவரல்ல. எஸ்டேட் அலுவலகத்துக்குப் போன் செய்தார். கழிக்கும் வழக்கம் எழுபது வருடமாக இருப்பதாகவும், இதுவரை எந்த மேலதிகாரியும் ஆட்சேபித்ததில்லை என்றும் பதில் வந்தது.

"எழுதுங்கள் மொய்தீன். மொத்தச் சத்தம் தொண்ணூற்றேழு. கழிவு தொண்ணூற்றேழு. நிகரச் சத்தம் பூஜ்ஜியம்."

"அப்பப் பாஸா சார்?" என்றாள் நிமி.

"பூஜ்ஜியம் என்றால் எஞ்சின் ஓடவில்லை என்று பொருள். ஓடாத வண்டியை ஓட்டத்தடத்தில் எப்படி அனுமதிப்பது? வண்டி ஓடுகிறது என்பதற்கு ஆதாரம் ஹாஜராக்கு."

"நான் அதுமேல ஏறித்தான சார் வந்தேன்?"

"நான் பார்க்கவில்லை. நான் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்."

மணி பதினொன்று. சுடலைமணி மேடையைப் பார்த்தார். மேளம் ஐந்து நிமிடம் நின்றால் போதும். அதைக் கேட்கும் துணிச்சல் அவருக்கு இல்லை. எனக்கும் இல்லை.

தன் சுற்றை ஓட்டி முடித்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த சுவக்கீனுக்கு இரக்கம் வந்துவிட்டது. நிமியுடையதும் அவனுடையதும் ஒரே கம்பெனி, ஒரே மாடல். "என் கார்ல எக்ஸ்ட்ரா சைலன்சர் ஒண்ணு கிடக்கு. அத மாட்டுங்க. அடைப்பான் வேண்டாம். வண்டி ஓடுதுன்னு காட்டணும், அவ்வளவுதானே?"

சுடலைமணி பத்து நிமிடத்தில் மாட்டினார். நிமி முடுக்கினாள். மேடையில் பேச்சு கேட்கவில்லை. செண்டைக்காரர் ஒருவர் குச்சியைத் தவறவிட்டார். முன்வரிசை காதைப் பொத்தியது. நூற்று ஒன்பது.

"கழிவு தொண்ணூற்றேழு," என்றார் அமிர்தநாதன். "நிகரம் பன்னிரண்டு டெசிபல். அனுமதிக்கப்பட்டது. மொய்தீன், இந்த மாவட்டத்திலேயே மிக அமைதியான வண்டி இது என்று குறிப்பில் சேருங்கள்."

சேர்த்தேன். கையெழுத்தும் போட்டேன்.

"சார், இப்ப எங்க சைலன்சரத் திருப்பி மாட்டிக்கிடலாமா?" என்று கேட்டார் சுடலைமணி. "இதுக்கு எஞ்சின் செட் பண்ணல. இழுவை போயிரும்."

"கூடாது. சான்றிதழ் இந்த சைலன்சருக்கு. மாற்றினால் மோசடி."

கொச்சிக்காரர்களின் அடைப்பான்கள் கிடந்த பையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

பதினொன்றே முக்காலுக்கு நிமி தடத்தில் இறங்கினாள். அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் எழுந்து நின்றது. "என்னா வேகம்! என்னா வேகம்!" என்று சுவக்கீன் கத்தினான். விருந்தினர்கூடக் கைதட்டினார். கற்பகம் மட்டும் கையிலிருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் இருபத்தொண்ணுங்க," என்றார். "ஒரு விநாடி சேத்தி ஆயிருச்சு. ஓட்டறது நல்லாத்தானுங்க ஓட்டுது பொண்ணு. ஆனா அந்தப் பையன் இருபதுல முடிச்சுட்டானே. ஏனுங்க, நேர்ப் பாதையில போறப்ப வண்டி இழுக்கவே இல்லையே, சைலன்சர் ஏதாச்சும் மாத்துனீங்களா?"

அவர் 'அந்தப் பையன்' என்றது சுவக்கீனை.

நிமி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். மிக அமைதியான வண்டிக்கென்று விழாவில் அறிவித்திருந்த கேடயத்தை யாரோ அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"கூட்டம் பூரா கைதட்டுச்சே பிள்ள," என்றாள் அழகுத்தாய்.

"கடிகாரம் தட்டலியேம்மா."

சுடலைமணி என்னிடம் வந்தார். கையில் அதே சுற்றறிக்கை, வியர்வையில் நனைந்து மடிப்புகளில் கிழிந்திருந்தது.

"சார், தப்பா எடுத்துக்கிடாதீங்க. அடுத்த வருசம் இன்னொரு குழு வரும்னு சொல்லுதாக. ஒவ்வொரு விதியா தமிழ்ல சொல்லுங்க, மனசுல வாங்கிக்கிடுதேன். என்ன தப்புப் பண்ணோம்னு தெரியணும்லா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். ஒன்றாம் விதி, தூரம். இரண்டாம் விதி, கோணம். மூன்றாம் விதி, எஞ்சின் சுழற்சி. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

நான்காம் விதி எனக்கு நன்றாகவே தெரியும். மேலேயிருந்து அது வந்த அன்றே படித்து, ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிச் சுருக்கொப்பம் வைத்தவன் நான். எனக்கு மேலே அமிர்தநாதனின் ஒப்பமும் இருக்கிறது. சுற்றுப்புறச் சத்தம் எண்பத்தைந்தைத் தாண்டினால் சோதனை செய்யவே கூடாது, சத்தம் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்கிறது அது.

வாயைத் திறந்தேன். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

தொழிற்சாலைச் சங்கு முழுதாக ஒரு நிமிடம் ஊதும். நான் நிறுத்தவில்லை. தாளில் விரலை வைத்து, உதட்டை அசைத்துக்கொண்டே போனேன். சங்கு ஓய்ந்தபோது ஐந்தாம் விதிக்கு வந்திருந்தேன்.

"கேட்டுதா?" என்றேன்.

"நல்லாக் கேட்டுது சார்," என்றார் சுடலைமணி, மரியாதைக்கு.