நெடுந்தீவுக் குகையும் வெல்கம் அண்ணையும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உல்லாசப் பயணம் என்ற சொல்லையே சனம் மறந்துபோயிருந்த ஒரு காலத்தில், அதை முழுநேரத் தொழிலாக வைத்திருந்த ஒரே மனிதர் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில்தான் குடியிருந்தார். அவருடைய பெயர் வெல்கம். பெற்றோர் வைத்த பெயர் வேறு ஒன்று இருந்திருக்க வேண்டும். அது அவருடைய அடையாள அட்டைக்கும், அதை வாங்கிப் பார்த்தவர்களுக்கும் மட்டுமே தெரியும்.

தெற்கில் கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரரை வரவேற்று, வள்ளத்தில் ஏற்றி, பவளப்பாறை காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவது அவருடைய உத்தியோகம். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் ஹோட்டலும் போய், வேலையும் போய், அகதிகளை ஏற்றிய கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். உடுத்த உடுப்போடு இறங்கியவர்கள் நடுவே இவர் மட்டும் ஹோட்டலின் மஞ்சள் கைக்கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இறங்கினாராம். அது ஏதோ அரசாங்கக் கொடி என்று நம்பி, கப்பலில் பாதிச் சனம் அவருக்குப் பின்னால் வரிசை கட்டி நடந்ததாம். இதை அவரே சொன்னார். நான் நம்புகிறேன்.

வேலைதான் போனதே தவிர உத்தியோகம் அவரை விட்டுப் போகவில்லை. ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு யார் வந்தாலும், வாசலில் நின்று இரண்டு கையையும் விரித்து "வெல்கம், வெல்கம்!" என்பார். கோதுமை மா முடிந்துவிட்டது என்பதைக்கூட அவர் வாயால் கேட்டால் கோபம் வராது. ஒருமுறை செத்தவீட்டுப் படலையில் நின்றுகொண்டு, "வெல்கம். செருப்பு இடப்பக்கம். தண்ணி வலப்பக்கம். நேரை போனால் ஐயா படுத்திருக்கிறார்" என்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். செத்தவரின் மகன் அடிக்கப் போனான். ஆனால் ஒருவரோடு ஒருவர் முட்டாமல், குடை மாறாமல், அவ்வளவு ஒழுங்காக நடந்த செத்தவீடு எங்கள் ஒழுங்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சந்திச் சென்றியில் துவக்கோடு காவல் நின்ற ஆமிக்காரனுக்கும் அதே வரவேற்புத்தான். அவன் திகைத்துப்போய், பதிலுக்கு "தாங்க் யூ" என்றான். ஷெல் விழுகிற நாட்களில் பங்கருக்குள் நாங்கள் முண்டியடித்து இறங்கும்போது, படியில் நின்று ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்குவார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற என்னிடம் சொல்வார்: "தலை கவனம் ரீச்சர். உள்ளுக்கை நல்ல குளிர்மை. யன்னல் பக்கம் வேணுமெண்டால் முந்தியே சொல்லியிருக்கோணும்." எங்கள் ஒழுங்கையில் செபமும் தேவாரமும் சிரிப்பும் ஒரே நேரத்தில் கேட்ட இடம் அந்தப் பங்கர்தான். உயிர்ப் பயத்தில் இருக்கிறவர்களைச் சிரிக்க வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. 'இந்த மனிதனுக்கு ஒரு ஆணி கழன்றுவிட்டது' என்றுதான் நினைத்தேன்.

தொண்ணூறாம் ஆண்டின் முற்பகுதியில் கொஞ்ச மாதங்கள் வெடிச்சத்தம் ஓய்ந்திருந்தது. சனம் உடைந்த ஓடு மாற்றியது, கலியாணம் பேசியது. வெல்கம் அண்ணை சங்கக்கடைப் பலகையில் சோக்கால் எழுதினார்: 'ஒருநாள் உல்லாசக் கடற்பயணம். இரண்டு தீவு: நயினாதீவு, நெடுந்தீவு. ஒரு குகை. மத்தியானச் சாப்பாடு உண்டு.'

எங்கள் பக்கத்து வீட்டு மாஸ்ரர் அதன் முன்னால் நின்று இரண்டு தரம் வாசித்தார். மாஸ்ரர் என்றால் பள்ளிக்கூட மாஸ்ரர் அல்ல, ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். நேரம் பிந்தியே வந்த ரயில்களோடு ஆயுள் முழுக்கச் சண்டை பிடித்ததால் எதையும் நம்பாதவர்.

"ஐசே, உந்தக் கடலைக் குருநகரிலை போய் நிண்டால் சும்மா பார்க்கலாமே?"

"அது கரையிலை நிண்டு பார்க்கிறது, மாஸ்ரர். இது நடுவிலை நிண்டு பார்க்கிறது."

"நெடுந்தீவிலை குதிரை இருக்கு, பெருக்குமரம் இருக்கு. குகை இருக்கெண்டு நான் கேள்விப்படேல்லை."

"குகையள் தங்களைப் பற்றிக் கதைக்கிறேல்லை, மாஸ்ரர். நாங்கள்தான் போய்க் காணோணும்."

"அப்ப நானும் வாறன். குகை இல்லையெண்டு இவ்வளவு சனத்துக்கும் முன்னாலை காட்டுறதுக்குத்தான் வாறன்."

அப்போது மாஸ்ரரின் மனைவி பாக்கியக்கா கடையோடு ஒட்டியிருந்த தங்கள் வளவு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "நானும் வாறன்" என்றார். நாங்கள் எல்லாரும் திரும்பி அவரைப் பார்த்தோம்.

காரணம் இருக்கிறது. எண்பத்தேழில் சண்டை நடந்தபோது பாக்கியக்கா இருந்த பங்கர் இடிந்து விழுந்தது. மண்ணுக்குள்ளிருந்து அவரைத் தோண்டித்தான் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் அறைக்குள் கால் வைப்பதில்லை. சமையல் முற்றத்தில், படுக்கை விறாந்தையில். கோயிலுக்குப் போனாலும் வெளி வீதியோடு சரி. பஸ்ஸில் ஏறமாட்டார். மாஸ்ரர் கெஞ்சியும் பார்த்தார், ஏசியும் பார்த்தார்.

"கடல்பயணம் எண்டால் வள்ளத்திலை போகவேணுமப்பா, உனக்கு ஏலுமே?" என்று மாஸ்ரர் கேட்டார்.

"கடலுக்குக் கூரை இல்லைத்தானே" என்றார் பாக்கியக்கா.

புறப்பட்ட நாளில், பாக்கியக்காவுக்காக வெல்கம் அண்ணை வானுக்குப் பதில் மேல் மூடாத லொறி ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். ஒருவரிடமும் காரணம் சொல்லவில்லை. "காட்சி நல்லாத் தெரியும்" என்றார், அவ்வளவுதான். ஏறத்தாழ இருபது பேர் குறிகட்டுவான் துறையில் போய் இறங்கினோம். குருநகர் அந்தோனி தன்னுடைய மெசின் வள்ளத்தோடு அங்கே காத்திருந்தார். கடலைத் தன் வீட்டு முற்றம்போல நினைக்கிற மனிதர். நாங்கள், தோட்டக்காணிச் சனம், கிணற்றுக்கு மேல் பெரிய தண்ணீரை அறியாதவர்கள், ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு வள்ளத்தில் இறங்கியதைப் பார்த்து, "மாதாவே, இதுகளை நான் திருப்பிக் கொண்டுவரோணுமே" என்று சத்தமாகவே சொன்னார்.

வெல்கம் அண்ணை ஆளுக்கொரு வெறும் பிளாஸ்ரிக் எண்ணெய்க் கானைக் கொடுத்தார். வாய் இறுக்கி மூடியிருந்தது.

"ஹோட்டலிலை இதுக்கு மிதக்கிற சட்டை குடுக்கிறனாங்கள். இஞ்சை அது கிடையாது. ஆனால் இதுவும் மிதக்கும். கட்டிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."

மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோல எல்லாரும் மண்ணெண்ணெய் மணக்கும் கானை அணைத்துக்கொண்டு கடல் பார்த்தோம். அவர் வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் மஞ்சள் கொடியோடு நின்று விளக்கம் சொன்னார். "இப்ப நீங்கள் பார்க்கிறது கடல். இன்னும் கொஞ்சத் தூரம் போனால் இதைவிட ஆழமான கடல் வரும்." வயிற்றைப் புரட்டி வள்ளத்தின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டிருந்தவர்களிடம் போய், "மீன் பார்க்க இதுதான் நல்ல இடம்" என்று முதுகு தடவினார்.

நயினாதீவில் அம்மனைக் கும்பிட்டு, கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைச் சாப்பிட்டோம். பாக்கியக்கா வழக்கம்போலக் கோயிலுக்கு வெளியே மணலில் இருந்தார். வெல்கம் அண்ணை அவருக்கென்று வாழையிலையில் தனியாக விபூதி, சந்தனம், பூ எல்லாம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, உள்ளே என்னென்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஐயர் கொட்டாவி விட்டதையும் சேர்த்து.

நெடுந்தீவில் மட்டக்குதிரைகள் வெட்டைவெளியில் தூரத்தில் நின்றன. எங்களைக் கண்டதும் திரும்பி நின்றுகொண்டன.

"ஐசே, குதிரை காட்டுறனெண்டு குதிரையின்ரை வாலைக் காட்டுறீர்" என்றார் மாஸ்ரர்.

"புது ஆக்களைக் கண்டால் அவைக்கு வெக்கம், மாஸ்ரர். வாலைப் பார்த்துக்கொண்டிருங்கோ. முகம் தானாய் வரும்."

பிறகு வள்ளம் கரையோரமாகச் சுற்றிப்போய், ஆளில்லாத ஓர் இடத்தில் நின்றது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தோம். முருகைக்கல் எனும் பவளக்கல் மேட்டின் அடியைக் கடல் அரித்து அரித்துக் குடைந்து வைத்திருந்தது. குனிந்துதான் உள்ளே போகலாம். போனால் இருபது பேர் நெருக்கி இருக்கலாம்.

மாஸ்ரர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். முகத்தில் வெற்றி.

"உது பொந்து."

"சின்ன வயசுக் குகை, மாஸ்ரர். இனித்தான் வளரும்."

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வானம் கறுத்தது. சித்திரைக் குழப்பம் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வரும். காற்று மணலை அள்ளி முகத்தில் அடித்தது. கடலுக்கு மேல் மின்னல் வெட்டியது. அந்தோனி வள்ளத்தை இறுக்கிக் கட்டிவிட்டு ஓடிவந்து, "எல்லாரும் உள்ளுக்கை போங்கோ, கெதியாய்!" என்று கத்தினார். மழை கொட்டத் தொடங்கியது. வாசலில் நின்று, "தலை கவனம், தலை கவனம்" என்று வெல்கம் அண்ணை எங்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார்.

பாக்கியக்கா மட்டும் வரவில்லை. கல்மேட்டின் அடியோரமாக, கானைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒடுங்கி நின்றார்.

"பாக்கியம், வா உள்ளுக்கை! விறைச்சுச் சாகப்போறியே?" மாஸ்ரர் உள்ளேயிருந்து கத்தினார்.

"என்னாலை ஏலாதப்பா."

நல்ல மனத்தோடுதான் யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். பாக்கியக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையும் இல்லை, கூச்சலும் இல்லை. மண்ணுக்குள் கிடந்தபோது அவர் போட்ட சத்தம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். பிடித்த கை தானாக விட்டது. மாஸ்ரர் என் பக்கத்தில்தான் இருந்தார்.

வெல்கம் அண்ணை கொடியை மடித்து இடுப்பில் செருகினார். சாப்பாட்டுப் பொதிகளை மூடிக்கொண்டு வந்த பொலித்தீன் விரிப்பை எடுத்துக்கொண்டு மழைக்குள் போனார்.

"மன்னிக்கோணும் அக்கா. நீங்கள் வெளி இருக்கையெல்லே கேட்டனீங்கள்? எங்கடை ஆக்கள் பிழையாய் உள்ளுக்கை கூப்பிட்டுட்டினம். இருங்கோ."

பாக்கியக்கா கல்லில் இருந்தார். வெல்கம் அண்ணை விரிப்பை அவர் தலைக்கு மேலே இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். விரிப்பு ஓர் ஆளுக்குத்தான் காணும். அவருடைய முழங்கைகளிலிருந்து தண்ணீர் கூரைப் பீலியால் ஊற்றுவதுபோல ஊற்றியது. அந்த நிலையில் விளக்கம் தொடங்கியது.

"இடப்பக்கம் பாருங்கோ அக்கா, மழை. வலப்பக்கம் பாருங்கோ, அதே மழைதான், ஆனால் இந்தப் பக்கம் துளி கொஞ்சம் பெரிசு. முன்னாலை கடல் இருக்கு. இப்ப தெரியேல்லை, ஆனால் நான் பொறுப்பு, அது அங்கைதான் இருக்கு. பின்னாலை ஒரு அருமையான காட்சி. திரும்பாமல் கேளுங்கோ. குகைக்குள்ளை ஒரு ஸ்ரேசன் மாஸ்ரர். இந்த இனம் இப்ப ஊரிலை மிச்சம் குறைவு. மழைக்கு மட்டும்தான் உள்ளுக்கை போகும். சத்தம் போடும். கடிக்கமாட்டாது."

பாக்கியக்கா சிரித்தார். முதலில் ஒரு மூச்சுப் போல, பிறகு தோள் குலுங்க, பிறகு சத்தமாக. இடி கடல்பக்கம் விலகிப் போயிருந்தது. மழைச் சத்தத்துக்கு மேலால் அந்தச் சிரிப்பு எங்களுக்குக் கேட்டது.

மாஸ்ரர் என் கையைப் பிடித்தார். "ரீச்சர், அவ சிரிக்கிறாவெல்லே?"

"ஓம் மாஸ்ரர்."

அவர் எழும்பினார். தலை கல்லில் மடாரென்று இடித்தது. நெற்றியைத் தடவிக்கொண்டு மழைக்குள் போய், விரிப்பின் ஒரு மூலையைப் பிடித்தார்.

"ஐசே, உமக்குக் கை நோகும். இந்தப் பக்கத்தை நான் பிடிக்கிறன், விடும்."

பிறகு நான் போனேன். எனக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் அந்தோனி குகைக்குள் தனியாக இருந்து, "மழைக்குப் பயந்து உள்ளுக்கை போன சனமெல்லாம் வெளியிலை நிண்டு நனையுது. என்ன சனமப்பா நீங்கள்!" என்று தலையில் கைவைத்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் வந்துவிட்டார். குகை காலியாகக் கிடந்தது.

திரும்பி வரும்போது கடல் பால்போல அடங்கியிருந்தது. எல்லாரும் சொட்டச்சொட்ட நனைந்திருந்தோம். இவ்வளவு சந்தோசமான ஒரு வள்ளத்தில் நான் பிறகு ஏறியதில்லை.

நாங்கள் துடைத்துக்கொண்டோம், சுகமாக இருந்தோம். வெல்கம் அண்ணைக்குத்தான் கடும் காய்ச்சல் பிடித்தது. இரண்டு நாளாக ஒழுங்கையில் அவருடைய குரல் இல்லை. மூன்றாம் நாள் மல்லித்தண்ணி காய்ச்சி, செம்பில் ஊற்றிக்கொண்டு பார்க்கப் போனேன். அவர் இருந்தது ஒரு வீட்டின் பின்வளவில். அறை என்பது மரியாதைக்குச் சொல்வது. முன்பு தேங்காய் அடுக்கிய ஒரு சின்னக் கொட்டில். யன்னல் இல்லை. கதவும் குனிந்து போகிற கதவு.

கொட்டிலுக்கு வெளியே வேலியோரம் மாஸ்ரர் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவசரமாக வாயில் விரலை வைத்தார்.

உள்ளேயிருந்து பாக்கியக்காவின் குரல் கேட்டது. "ரெண்டு நாளாய் ஒண்டும் சாப்பிடேல்லையாம்! சொல்லி அனுப்ப வாய் இல்லையே உங்களுக்கு? எழும்புங்கோ. இந்தக் கஞ்சியை முழுக்கக் குடிச்சால்தான் நான் இதிலையிருந்து எழும்புவன்."

நான் மாஸ்ரரைப் பார்த்தேன். அவருடைய கண் கலங்கியிருந்தது.

"சத்தம் போடாதையுங்கோ ரீச்சர்" என்று என் காதுக்குள் சொன்னார். "கோபத்திலை விறுவிறுவெண்டு உள்ளுக்கை போயிட்டா. தான் எங்கை இருக்கிறனெண்டு அவ இன்னும் கவனிக்கேல்லை."

நாங்கள் இருவரும் அசையாமல் நின்றோம். உள்ளே ஏச்சு நிற்கவில்லை. நடுநடுவே, இருமலோடு, "ஓம் அக்கா, ஓம் அக்கா" என்று வெல்கம் அண்ணையின் ஈனக்குரல். மல்லித்தண்ணி என் கையிலேயே ஆறிப்போனது.

அந்த மனிதரைப் பற்றி நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வேலியோரம் நின்றபோது, இவருக்குச் சுகமாகிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் எனக்குக் கடவுளிடம் கேட்கத் தோன்றவில்லை.