மேடத்துக்கு எந்த ஊர் வணக்கம்?

"மாஉபாய் ஙா ஆகா, மேடம்."

லீவ் பேப்பரோடு கைகட்டி நின்ற பழனிச்சாமி சொன்னது காலை வணக்கம்தான். ராஸ் அல் கைமா டைல்ஸ் கம்பெனி கேம்ப்பில் பக்கத்துக் கட்டில் ரோடல் வெங்காயம் உரித்துக்கொண்டே கற்றுக்கொடுத்தது. ஃபிலிப்பைன்ஸ்காரிக்கு ஃபிலிப்பைன்ஸ் பாஷை. உருகிவிடமாட்டாளா?

எச்.ஆர். மேரிவிக் மேடம் உருகவில்லை. "அது வாராய் பாஷை. நான் அந்தப் பக்கமே இல்லை" என்று கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

பேப்பர் சட்டைப்பைக்குத் திரும்பியது. ஊரில் தங்கச்சி உமாராணி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் குத்துவதா என்று அவள் போனில் அழுதுவிட்டாள்.

ஒரே நாட்டில் ஆளுக்கொரு பாஷை வைத்துக்கொண்டால் மனுஷன் என்ன செய்வான் என்று அவனுக்கு எரிச்சல். தன்னை யாராவது மலையாளி என்று நினைத்து "மலபாரி" என்றால் மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது. அது வேறு விஷயம்.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் டானிலோவைப் பிடித்தான். மேடத்தின் பாஷை செபுவானோதான், சந்தேகமே வேண்டாம் என்று அடித்துச் சொன்னான் அவன்.

மறுநாள், "மாயோங் புந்தாக், மேடம்."

மேடத்தின் முகம் இருண்டது. "என் புருஷனோட பாஷை. ஒரு நாள் காலையில இதைச் சொல்லிட்டுக் கிளம்பினவன்தான், இன்னும் வரல."

பழனிச்சாமி பேப்பரை எடுக்கக்கூட இல்லை.

கடைசியில் ஆபீஸ் துடைக்கும் அம்மாதான் மேடம் இலோக்கானோ என்று உண்மையைச் சொன்னார். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டும்வரை பாத்ரூமில் மனப்பாடம் செய்தான்.

"நயிம்பாக் அ பிகாட், மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்காலி போட்டார். சாயா வரவழைத்தார். இந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை காலமாயிற்று என்றார். பழனிச்சாமி நல்ல நேரம் பார்த்துப் பேப்பரை நீட்டினான். காதுகுத்து, மாமன் மடி, தங்கச்சி அழுகை எல்லாவற்றையும் அரைகுறை ஹிந்தியில் கொட்டினான். மேடம் முழுசாகக் கேட்டுப் பெருமூச்சு விட்டார்.

"லீவ் என் கையில இல்ல பாய். துபாய் ஹெட் ஆபீஸ்ல வெங்கட்ராமன்னு ஒரு சென்னைக்காரர், என் லீவும் அவர்கிட்டதான் கிடக்குது. நானும் தினம் அவர் மனசு குளிரட்டும்னு 'சுகமாணோ'ன்னுதான் பேச ஆரம்பிக்கிறேன், மனுஷன் ஏன் பட்டுனு போனை வச்சிடுறார்?"