கீழ்வீட்டிலிருந்து மாடிவீட்டுக்கு, கிரேன் விஷயமாக

மாடிவீட்டில் இருக்கும் தம்பிக்கு,

கீழ்வீட்டு அண்ணன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அண்ணியும் நலம். அங்கு நீயும் உன் மனைவியும் நலமாக இருப்பதை என் தலைக்கு மேல் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்து அவ்வப்போது தெரிந்துகொள்கிறேன். படியேறி வந்து சொல்லவேண்டியதை ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புகிறாரே என்று நீ சிரிக்கலாம். உன் குளியலறைத் தண்ணீர் என் படுக்கையறைக் கூரையில் கறை போட்டதிலிருந்து நமக்குள் பேச்சு இல்லை என்பதை நான் மறக்கவில்லை. எழுதக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் என் வாசலில் ஒரு இரும்புச் சாமான் வந்து இறங்கியது. நாலு சக்கரம், ஒரு தூண், தூணிலிருந்து நீண்ட ஒரு கை, கையின் நுனியில் கொக்கி, சுற்றுவதற்கு ஒரு கைப்பிடி. மெக்கானிக் கடையில் எஞ்சின் தூக்குவார்களே, அந்த மாதிரி ஒரு சின்ன கிரேன். கொண்டுவந்த ஆள், "மாடி சார் வாங்கினது. இனிமே படகைத் தூக்க ஆள் வேணாமாம், உங்ககிட்ட சொல்லச் சொன்னார்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். ஆள் வேண்டாமாம். என்ன கரிசனம், என்ன கரிசனம்.

நம் படகு ஒன்றும் கப்பல் இல்லை. ஏரியில் ஓடவிடும் மாதிரிப் பாய்மரப் படகுதான். ஆனால் ஆளைவிட நீளம், அடியில் ஈயக்கட்டி, பாய்மரத்தை நிறுத்தினால் கூரையை இடிக்கும். ஒற்றை ஆள் தூக்குகிற சமாசாரமா அது? அடியில் இரண்டு பட்டைகளைக் கொடுத்து, மேலே கழியில் மாட்டி, முன்னால் நீ பின்னால் நான் என்று தோளில் சுமந்துபோய்த் தண்ணீரில் இறக்குவோம். வாய் திறக்காமல் இறக்குவோம். நீ இருமினால் நிற்கவேண்டும், நான் தொண்டையைச் செருமினால் இறக்கவேண்டும். அதற்கு மேல் ஏதாவது என்றால் ஏரிக் காவலாளி நடுவில் நின்று, "வாத்தியாரே, உங்க தம்பி இடது பக்கம் கொஞ்சம் ஏத்தச் சொல்றார்" என்பார். "அவருக்குக் கண்ணு சரியில்லைன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு நான் இடது பக்கம் ஏற்றுவேன். பேசிக்கொள்ளும் அண்ணன் தம்பி எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒற்றுமையாக ஒரு காரியம் செய்தவர்களைப் பார்த்ததில்லை. பேச்சுதான் போயிற்று, தோளாவது இருக்கிறதே என்று வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பேன். அதையும் நீ ஒரு இரும்புக் கொக்கியை அனுப்பிக் கத்தரித்துவிட்டாய்.

சரி, நீ இல்லாவிட்டால் ஏரி வற்றிவிடுமா என்று நானும் கிளம்பினேன். காலமெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு ஒரு கைப்பிடியைச் சுற்றத் தெரியாதா? உன் வேனைக் கேட்க மனசு வரவில்லை, வாடகைக்கு ஒரு மினி லாரி பிடித்துப் படகையும் கிரேனையும் ஏற்றினேன், தூசி படாமல் இருக்க உன் அண்ணி படகின் மேல் வெள்ளைப் போர்வையைப் போர்த்திவிட்டாள், டிரைவர் அதைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "யாரால சார் இப்படி ஆச்சு?" என்றார், நான் இருந்த எரிச்சலில் "எல்லாம் என் தம்பி பண்ண வேலை" என்றேன், அதன் பிறகு அவர் ஏரி வரைக்கும் வண்டியை விரட்டினார், இறக்கிவிட்டதும் மிச்சச் சில்லறையைக்கூடத் தராமல் பறந்துவிட்டார். அங்கே போய்க் கொக்கியை மாட்டிச் சுற்றினேன், படகு ராஜா மாதிரி மேலே எழும்பியது, எனக்கே பெருமையாக இருந்தது, அந்த நேரம் பார்த்துப் பக்கத்திலிருந்து ஒரு காற்று அடித்தது, படகு அப்படியே திரும்பி, நம்மைப் போலவே ஞாயிற்றுக்கிழமை படகு பார்க்க வந்து தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்த பல் டாக்டரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டி ஏரிக்குள் அனுப்பியது, பிடிக்கலாம் என்று நான் கைப்பிடியை விட்டேன், அது பேய் பிடித்த மாதிரி சுழன்று என் முழங்கையைப் பதம் பார்த்தது, படகு தலைகுப்புறத் தண்ணீரில் பாய்ந்தது, பட்டை என் கையில் சுற்றியிருந்ததால் கூடவே நானும் பாய்ந்தேன். இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் மானம் முழுசாக முழுகிவிட்டது. தூக்கிவிட்ட அத்தனை பேரும் கேட்டது ஒரே கேள்வி, தம்பி வரலையா?

சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். துண்டோடு நின்ற உன் அண்ணி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, "போதும். அவருக்கு முதுகுல டிஸ்க் விலகியிருக்கு. இனிமே எதையும் தூக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. தெரிஞ்சா நீங்க படகையே விட்டுடுவீங்கன்னுதான் அந்த கிரேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார்" என்றாள்.

தம்பி, இதைவிடப் பெரிய அவமானத்தை நீ எனக்குச் செய்ய முடியாது. உன் அண்ணிக்குத் தெரியும், உன் மனைவிக்குத் தெரியும், காவலாளிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. நேர் கீழே படுத்துக் கிடக்கும் எனக்குத் தெரியாது. ராத்திரியில் நீ காலை இழுத்து இழுத்து நடந்த சத்தத்தைக் கேட்டு, புதுச் செருப்பு வாங்கியிருக்கிறான், வேண்டுமென்றே தேய்க்கிறான் என்று நினைத்தேனே. ஊரார் பீரோவையும் கட்டிலையும் வேனில் ஏற்றி இறக்கி முதுகை ஒடித்துக்கொண்டவன், அந்த வலியோடு என் படகையும் சுமந்திருக்கிறாய். ஒரு இருமல் கூடுதலாக இருமியிருந்தால் என்ன ஏது என்று நான் கேட்டிருக்க மாட்டேனா? கேட்டிருக்க மாட்டேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன். படகைப் பல் டாக்டருக்குக் கொடுத்துவிடப் போகிறேன், கண்ணாடி போன பாவத்துக்கு அதுவாவது அவருக்குக் கிடைக்கட்டும். கிரேனை நீயே திருப்பி எடுத்துக்கொள். நமக்குள் இருந்த ஒரே போக்குவரத்தும் இத்தோடு தீர்ந்தது. நீ மேலேயே இரு, நான் கீழேயே இருக்கிறேன். பதில் எழுதவேண்டாம்.

உன் மனைவிக்கு என் ஆசிகள். வெறுந்தரையில் படுக்காதே. வாளித் தண்ணீரை நீ தூக்காதே. முதுகு சீக்கிரம் தேறி நீ நெடுங்காலம் என் தலைக்கு மேல் நடமாடவேண்டும் என்று வாழ்த்தும்,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: நேற்று வாசலில் படகை மறுபடி கிரேனில் மாட்டி, வால் பக்கம் ஒரு கயிறு கட்டி, உன் அண்ணியை நாற்காலியில் உட்காரவைத்துப் பிடிக்கச் சொன்னேன். நான் சுற்றச் சுற்ற, ஆடாமல் அசையாமல் ஏறியது. ஒருவர் சுற்றினால் ஒருவர் கயிறு பிடித்தே ஆகவேண்டும், வேறு வழியில்லை. பிடிக்கிறவர் தூக்கவேண்டாம், குனியவேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். உன் அண்ணிக்கு அதற்குள் அலுத்துவிட்டது. பல் டாக்டரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாற்காலியை நானே எடுத்துவருகிறேன். படி இறங்கக் கஷ்டமாக இருந்தால் தரையை ஒரு தட்டு தட்டு. நான் மேலே வருகிறேன்.