பாதுகாப்புக்காக இன்னொரு தடவை

பயந்த சுபாவம் உள்ளவர்கள் எந்தப் பொருளையும் ஒரே இடத்தில் வைக்க மாட்டார்கள். என் வீட்டுச் சாவிக்கு மூன்று நகல்கள் உண்டு. அவை எங்கெங்கே இருக்கின்றன என்று எழுதிய சீட்டுக்கு இரண்டு நகல்கள் உண்டு. (சீட்டு எங்கே என்று கேட்காதீர்கள்.) ஒன்பதாம் வகுப்பு அரைப்பரீட்சைக்கு முந்தின நாள் வந்த காய்ச்சலோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்படிப்பட்டவன் முப்பத்தாறு வயதில் செல்போன் ஆப் எழுதக் கற்றுக்கொண்டதற்கும் பயம்தான் காரணம்.

திண்டிவனத்தில் ஒரு பல் மருத்துவரிடம் எனக்கு முன்மேஜை வேலை. டோக்கன் கொடுக்க வேண்டும், வரிசைப்படி நம்பரைக் கூப்பிட வேண்டும். ஒருநாள் டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "அடுத்த மாசம் கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் ஒருத்தர உன் சீட்டுல போடலாம்னு இருக்கேன்."

"எனக்கே தெரியும் சார். நம்பர் கூப்புட ஒரு ஆப்பே செஞ்சு தர்றேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. (கம்ப்யூட்டரை ஆன் செய்யத் தெரியும். ஆஃப் செய்யப் பயம்.)

அந்த நாற்காலிக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு மாடி அறையில் ஸ்டெல்லா மேடம் வகுப்பு நடத்தினார். மேடத்துக்கு இருபத்து மூன்று வயது. கண்டமங்கலத்தில் காலைப் பூசை முடித்துவிட்டு ஸ்கூட்டியில் நேராக வருவார். நான் கேள்வி கேட்டால் இன்ஜினியரிங் பையன்கள் சிரிப்பார்கள். மேடம் ஒருநாளும் சிரித்ததில்லை. அதே பதிலை நான்காவது தடவையும், முதல் தடவை சொல்வதுபோலவே சொல்வார்.

வேரியபிள் என்பது மதிப்பைப் போட்டு வைக்கும் டப்பா, முன்னால் 'இண்ட்' என்று எழுதினால் புது டப்பா பிறக்கும் என்பது வரை புரிந்தது. அதை எங்கே எழுதுவது? மேலே, எல்லோருக்கும் பொதுவாகவா? இல்லை, பட்டனை அழுத்தினால் நடக்கும் வேலைக்குள்ளேயா? இந்தக் கேள்வியில் நான் இரண்டு கிலோ இளைத்தேன்.

"அண்ணே, உங்க டோக்கன் நோட்டு எங்க இருக்கும்?" என்று கேட்டார் மேடம்.

"மேஜ மேலங்க மேடம்."

"ஒவ்வொரு ஆளு வரும்போதும் புது நோட்டு வாங்கி, மொதல் பக்கத்துலேர்ந்து எழுதுவீங்களா?"

"ஐயோ, அப்பறம் எல்லாருமே ஒண்ணாம் நம்பர்தானங்க!"

"அவ்ளோதான். உள்ள எழுதுனா ஒவ்வொரு அழுத்தலுக்கும் புது நோட்டு. மேல எழுதுனா நாள் முழுக்க ஒரே நோட்டு."

ஒரு பெரிய புத்தகம் முப்பது பக்கத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாததை என் மேஜையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார். அந்த மூளைக்கு என்ன விலை வைப்பது?

வீட்டுக்கு வந்து மேலேயே எழுதினேன். அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. மேலே எழுதியது கீழே இருப்பதன் கண்ணுக்குத் தெரியாமல் போனால்? பாதுகாப்புக்காக அதே வரியைப் பட்டனுக்குள்ளும் இன்னொரு தடவை எழுதினேன். கம்ப்யூட்டர் ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை. பட்டனை அழுத்தினேன். "டோக்கன் நம்பர் ஒன்" என்றாள் போனுக்குள் இருந்த வெள்ளைக்காரம்மா.

என் மனைவி மேரி கைதட்டினாள். "இன்னொருவாட்டி அழுத்துங்க, பாக்கலாம்."

"வாணாம். நல்லா இருக்கறதப் போயி நோண்டக்கூடாது."

திங்கட்கிழமை. கூடம் நிறைய வீங்கிய கன்னங்கள். போனை ஸ்பீக்கரில் மாட்டி அழுத்தினேன். "டோக்கன் நம்பர் ஒன்." மண்டகப்பட்டு ஏழுமலை எழுந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் வைக்கிறவர், அறுபது வயது. உள்ளே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வாயில் பஞ்சோடு வந்து உட்கார்ந்தார்.

அடுத்து அழுத்தினேன். "டோக்கன் நம்பர் ஒன்."

ஏழுமலை டோக்கனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தாடையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். உடனே திரும்பி வந்தார். விரல் சரியாகப் படவில்லை போலிருக்கிறது என்று மறுபடி அழுத்தினேன். மறுபடியும் ஒன். மறுபடியும் ஏழுமலை.

இரண்டாம் டோக்கன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாபா இது? அவுரு இன்னா டாக்டருக்கு மாமனாரா? அவரையே உள்ள அனுப்பிக்கினு இருக்க!"

நான்காவது தடவை டாக்டரே வெளியே தலையை நீட்டினார். "யோவ், இவரு வாயில ஒவ்வொரு பல்லும் எனக்கு மனப்பாடமாயிடுச்சு! பத்து நிமிஷம் டைம். இல்லன்னா சாயந்திரம் உன் சீட்டப் பத்திப் பேசுவோம்."

மேடத்துக்குப் போன் போட்டேன். கதையைக் கேட்டவர், நான் எழுதியதைப் பார்க்காமலே கேட்டார்: "அண்ணே, 'இண்ட்'னு எத்தன எடத்துல எழுதினீங்க?"

"ரெண்டு எடத்துலங்க மேடம். பாதுகாப்புக்கு."

போனில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. (அப்போதும் சிரிக்கவில்லை. போனைப் பொத்திக்கொண்டாரோ என்னவோ.)

"மேஜ மேல நோட்டு இருக்கு. ஆனா நீங்க ஒவ்வொரு ஆளுக்கும் அதே பேருல புது நோட்டு வாங்கித் தர்றீங்க. கையில இருக்கறத விட்டுட்டு ஆப் ஏன் மேஜையப் பாக்கப்போவுது? கீழ இருக்குற வரிய மட்டும் ஜல்தியா அழிங்க. மேல கை வெக்காதீங்க."

பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து அந்த வரியை அழித்தேன். பழைய லேப்டாப் புது ஆப்பைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு கூடமே என் பின்னால் வந்து நின்றது. கட்டி முடிந்ததும் அழுத்தினேன்.

"டோக்கன் நம்பர் ஒன்."

புதிதாகத் திறந்தால் ஒன்றிலிருந்துதான் தொடங்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஏழுமலை ஐந்தாம் முறையாக எழுந்தார். இனிப் போவதற்கு ஒன்றுமில்லை என்று, என் ஆயுளிலேயே முதல் தடவையாக, யோசிக்காமல் இன்னொருமுறை அழுத்தினேன்.

"டோக்கன் நம்பர் டூ."

கூடம் கைதட்டியது. தாடையைப் பிடித்தபடி பாதி வழியில் நின்ற ஏழுமலையும் கைதட்டினார். (இரண்டாம் டோக்கன் அம்மா டீ குடிக்கப் போயிருந்தார். அது வேறு பேஜாரு.)

ஏழுமலை கிளம்பும்போது அருகில் போய்க் கேட்டேன். "பல்லு புடுங்கியாச்சேன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கலாமேங்க. ஏன் எந்திரிச்சிக்கினே இருந்தீங்க?"

பஞ்சை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "உன் கை நடுங்கிக்கினு இருந்துச்சு தம்பி. நான் எந்திரிக்கலன்னா உனக்குத்தான திட்டு வுழும்?"

படித்தவர் ஒருவரும் படிக்காதவர் ஒருவரும் சேர்ந்து காப்பாற்றிய அந்த நாற்காலியில்தான் இன்றும் உட்கார்ந்திருக்கிறேன். வேரியபிளைத் தேவையான ஒரே இடத்தில் மட்டும் அறிவிக்கிறேன். பயம் மட்டும் போகவில்லை. கேஸை அணைத்தாயா என்று மேரியை ஒருதடவை கேட்டால் பதில் வரும். இரண்டாம் தடவை கேட்டால் வராது. அவளும் இரண்டு பிள்ளைகளும் சாப்பாட்டைப் பாதியில் விட்டு, தாடையைப் பிடித்துக்கொண்டு, பேசாமல் எழுந்து நிற்பார்கள்.