பூட்டண்ணன் இருந்திருந்தால்

"அப்போதெல்லாம்" என்று வாயைத் திறக்கிற ஒரு பெரிய இனம் மனிதர்களில் உண்டு. அந்த இனத்திலும் கால்பந்து மைதானத்தின் கேலரியில் மட்டும் குடியிருக்கிற ஒரு கிளை உண்டு. அந்தக் கிளைக்காரருக்குப் பழைய டீம்காரர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள், ஏனென்றால் இவர் ஆட்டத்தைப் பார்க்கிற நேரத்தைவிட இவர் பேச்சை மற்றவர்கள் கேட்கிற நேரம்தான் அதிகம். இன்றைய டீம் ஒரு கோல் வாங்கினால், பழைய டீம் அதை வாங்கியிருக்காது. இன்றைய டீம் ஒரு கோல் போட்டால், பழைய டீம் மூன்று போட்டிருக்கும். மழை வந்து ஆட்டம் நின்றுவிட்டால்? பழைய டீம் மழையிலும் ஆடும்.

நம்முடைய பழைய டீம்காரருக்குப் பிழைப்பு மூக்குக் கண்ணாடிக் கடை. அவர் பந்தாடியவரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை, கோட்டைத் தாண்டி வந்த பந்தைத் திருப்பி உள்ளே உதைத்தார். பந்து அங்கேயே கிடந்தது, செருப்பு உள்ளே போனது. ஆனால் ஊர் கிளப்பின் ஆட்டங்களை முப்பத்தெட்டு வருஷமாக ஒன்று விடாமல் பார்த்தவர். அந்தத் தகுதியில் தினமும் காலையில் கடையைத் திறந்ததும் கண்ணாடி மேஜைமேல் பதினொரு ஃபிரேம்களை வரிசையாக நிறுத்தி, இவர் கோல்கீப்பர், இவர் சென்டர், இவர் ரைட் அவுட் என்று பழைய டீமை அணிவகுக்க வைப்பார். தள்ளுபடித் தட்டில் கிடக்கிற பிளாஸ்டிக் ஃபிரேம்கள் இன்றைய டீம். ஒரு டீச்சரம்மா வந்து ரைட் அவுட்டை எடுத்து மாட்டிப் பார்த்து, இதுதான் வேண்டும் என்றுவிட்டால், பழைய டீம் பத்து பேரோடு ஆடும். அப்போதும் ஜெயிக்கும்.

கண் பரிசோதனையும் இப்படித்தான். ஒரு வங்கிக்காரர் பரிசோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நம்மவர் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டபடியே, வாசலில் நின்ற பழக்கடைக்காரரோடு பழைய டீமா புது டீமா என்று வாதாடிக்கொண்டிருந்தார். நடுவில் வங்கிக்காரரிடம், "எது நல்லா இருக்கு சார், இதுவா, முன்னாடி இருந்ததா?" என்று கேட்டார். "முன்னாடி இருந்ததுதான்" என்றார் அவர், பாவம், எழுத்துப் பலகையைப் பார்த்தபடி. நம்மவர் பூரித்துப் போனார். பழக்கடைக்காரரிடம், படித்தவர் சொல்கிறார் பாருங்கள் என்றார். வங்கிக்காரர் அடுத்த நாள் தவறான பவரோடு வேலைக்குப் போய், மேனேஜரைப் பார்த்து வாடிக்கையாளர் வரிசையில் நிற்கச் சொன்னார்.

இந்தப் பழைய டீமில் நம்மவருக்குக் குலதெய்வம் மாதிரி ஒருவர் உண்டு. லெஃப்ட் பேக். கோலுக்கு இடப்பக்கம் நின்று எதிரிகளைத் தடுக்கிறவர். அவரைத் தாண்டி யாரும் போனதில்லை என்பதால் பெயரே பூட்டு. நம்மவருக்கு அவர் பூட்டண்ணன். இன்றைக்கு அதே இடத்தில் ஆடுகிறவர் யார் தெரியுமா? நம்மவரின் சொந்த மாப்பிள்ளை.

மாப்பிள்ளை பஸ் பணிமனையில் மெக்கானிக். மகளோடும் ஐந்து வயதுப் பேத்தியோடும் கடைக்கு மேல்மாடியிலேயே குடித்தனம். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து, முழங்காலில் மண்ணோடு அவர் மாடி ஏறும்போது, நம்மவர் எழுந்து நின்று, மரியாதை ஒரு இம்மி குறையாமல், "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க தெருவுல ஆடத்தான் லாயக்கு" என்பார். பன்மையில் திட்டு வாங்குவது எவ்வளவு கொடுமை என்பது வாங்கியவர்களுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை "சரி மாமா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விடுவார்.

ஆனால் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை பந்துக்கு எகிறும்போதெல்லாம் கேலரியில் நம்மவர் பாதி எழுந்துவிடுவார். தொண்ணூறு நிமிஷமும் அவர் வேறு யாரையும் பார்ப்பதில்லை. அன்பு அத்தனை இருந்தது, அது வாய்வரைக்கும் வருவதற்குள் பூட்டண்ணன் குறுக்கே நின்று தடுத்துவிடுவார்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கிளப்புக்கு ஐம்பது வயதானது, வம்பு வந்தது. ஐம்பது வருஷத்தில் ஆடியவர்களில் சிறந்த பதினொரு பேரைத் தேர்ந்தெடுத்து, கிளப் வாசல் சுவரில் பெயின்டரை வைத்துப் பெரிதாக எழுதுவது என்று முடிவானது. தேர்வுக்குழுவில் மூன்று பேர்: கிளப் செயலாளர், ஸ்கூல் பஸ் ஓட்டுகிற பழைய கோல்கீப்பர், நம்மவர். பத்துப் பெயர்கள் அரை மணி நேரத்தில் முடிந்தன. பதினொன்றாவது லெஃப்ட் பேக். செயலாளர் மாப்பிள்ளை என்றார். கோல்கீப்பர் பூட்டு என்றார். இருவரும் நம்மவரைப் பார்த்தார்கள். நம்மவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டுவிட்டு வியர்க்க விறுவிறுக்க வீடு வந்து சேர்ந்தார்.

விஷயம் அவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மகள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் எதுவும் கேக்கலப்பா. பாப்பா இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறா. அந்தச் சுவர்ல அவங்கப்பா பேரைத் தேடுவா. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று மகள் சொன்னால் அது எவ்வளவு என்று பெற்றவருக்குத் தெரியாதா?

மறுநாள் கடைக்கு யார் வந்தார் என்று நினைக்கிறீர்கள்? பூட்டண்ணனே வந்தார். பேப்பர் படிக்க முடியவில்லை, ஒரு கண்ணாடி வேண்டும் என்று. நம்மவர் அவரை உட்காரவைத்து, விசிறாத குறையாக உபசரித்து, லென்ஸ் போட்டார். பூட்டண்ணன் எழுத்துப் பலகையில் நாலு வரி வாசித்துவிட்டு, தானாகவே சுவர் விஷயத்தை எடுத்தார்.

"உங்க மாப்பிள்ளை பேரை எழுதச் சொல்லுங்க. என்னைவிட நல்லா ஆடுறாரு."

நம்மவர் கையிலிருந்த லென்ஸ் மேஜையில் விழுந்து உருண்டது. பெரியவர் தன்னடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். பூட்டண்ணன் சிரிக்கவில்லை. ஆடுகிற காலத்திலேயே தனக்கு ஓட்டம் வராது என்றும், பத்து அடி ஓடினால் மூச்சு வாங்கும் என்றும், அந்தக் காலத்தில் மைதானத்தின் இடப்பக்கம் முழுவதும் தண்ணீர்க்குழாய் உடைந்து வருஷம் பூராவும் சேறாகவே கிடந்தது என்றும் விளக்கினார்.

"எனக்குப் பயந்து யாரும் வராம இல்ல தம்பி. ஷூ சேத்துல மாட்டிக்கும்னு வரல."

இந்த இடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? முப்பத்தெட்டு வருஷத்துக் கும்பிடு சேற்றுக்குப் போட்டதா என்று இடிந்து போயிருப்போம். பழைய டீம்காரர் அப்படிப்பட்டவரில்லை. அவருக்குக் கோபம் வந்தது. பூட்டண்ணனைப் பற்றி இப்படிக் கேவலமாகப் பேசுகிறவர் யாராக இருந்தாலும், பூட்டண்ணனாகவே இருந்தாலும், அவரால் பொறுக்க முடியாது.

"அண்ணே, நீங்க உள்ள நின்னவரு. உங்களுக்கு என்ன தெரியும்? நான் வெளியில இருந்து பாத்தவன்."

பூட்டண்ணன் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார். நம்மவர் அன்று மாலையே கிளப்புக்குப் போய், பூட்டண்ணனுக்கு நேர்ந்த அவமானத்தைத் துடைக்கிற வேகத்தில், அவர் பெயருக்கே கையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் மகளின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கை இறங்கவில்லை.

அதன் பிறகு வீட்டில் டீ வந்தது, பேச்சு வரவில்லை. மகள் சொல்ல வேண்டியதையெல்லாம் பேத்தி வழியாகச் சொல்லி அனுப்பினாள். பேத்தி சுவர் முன்னால் நின்று பதினொரு பெயரையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கடைசிப் பெயரை இரண்டு தடவை படித்தாள். மாப்பிள்ளை வழக்கம்போல "சரி மாமா" என்றார். அந்த இரண்டு வார்த்தை நம்மவர் வயிற்றுக்குள் போய் மூன்று மாதம் கரையாமல் கிடந்தது.

அடுத்த சீசன் தொடங்குவதற்கு முன்னால், பயிற்சியில் மாப்பிள்ளைக்கு முழங்கால் திருகிக்கொண்டது. இனிமேல் பந்தாடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் ஆட்டத்தன்று முப்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்ற மனிதராக, கேலரியில் மாமாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகளும் பேத்தியோடு பின்வரிசையில் இருந்தாள். லெஃப்ட் பேக் இடத்தில் புதிதாக ஒரு இளைஞர் நின்றார். ஏழாவது நிமிஷத்தில் எதிர் டீம்காரர் ஒருவர் அவரைச் சுற்றிக்கொண்டு போய் கோல் போட்டார்.

நம்மவர் எழுந்தார். கேலரியே, இதோ பூட்டண்ணன் வரப்போகிறார் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டது.

"எங்க மாப்பிள்ளை நின்ன இடம்யா அது. ஏழு வருஷம் அந்தப் பக்கம் ஒரு ஈ போனதில்ல. பூட்டண்ணன் எல்லாம் இவர் கால்தூசி. அவரே என் கடையில வந்து சொல்லிட்டுப் போனாரு."

நம்மவர் அதோடு விட்டாரா? செயலாளர் நின்ற பக்கம் திரும்பி, சுவரில் பெயரை மாற்றியாக வேண்டும் என்றும், பெயின்டர் வராவிட்டால் தானே ஏணியில் ஏறுவேன் என்றும், தேர்வுக்குழுவில் கண் தெரியாத யாரோ இருந்திருக்கிறார்கள் என்றும் முழங்கினார். பின்வரிசையில் மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு வருஷமாகக் காத்திருந்த வார்த்தை அல்லவா? துடைத்துக்கொண்டு மெல்லக் கேட்டார்.

"மாமா, போன சீசன் வரைக்கும் என்னை லாயக்கில்லைன்னீங்களே."

"அப்ப நீங்க ஆடிட்டு இருந்தீங்க, மாப்பிள்ளை."

கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு குடும்பம் ஒன்று சேர்ந்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் இரண்டாம் பாதியில் புது லெஃப்ட் பேக் கால் தடுக்கி விழுந்தபோது, மாப்பிள்ளை உச்சுக்கொட்டிவிட்டு, யாரும் கேட்காமலேயே, "நாங்க ஆடுறப்ப இப்படியெல்லாம் விழ மாட்டோம்" என்றார். நம்மவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நெஞ்சு நிறைந்து, அவர் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

உங்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருக்கிறது. நீங்கள் பந்தாட்டமே பார்ப்பதில்லை, இந்த வியாதி உங்களை அண்டாது என்கிற தைரியம். இருக்கட்டும். இதைப் படித்துக்கொண்டே வரும்போது எங்காவது ஒரு வரியில், அந்தக் காலத்தில் கேலிக்கதை என்றால் எப்படி எழுதுவார்கள், இப்போது எழுதுகிறவர்களுக்கு அந்தக் கை வருமா என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால் மாமாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்கிறேன். கேலரியில் அவருக்கு இந்தப் பக்கம் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது.