வீட்டுப் பிரசவத்துக்கு வந்த ரோஜா மாலை

என் கணவரை நான் ஒரு முறை சாகடித்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமார் இருபது நிமிடங்களுக்கு. ஆயுதம் எதையும் கையில் எடுக்கவில்லை. புத்தகங்களை மட்டுமே நம்பினேன்.

அப்போது எனக்கு எட்டு மாதம் முடிந்திருந்தது. கல்லூரி ஒன்றில் நூலகர் வேலை. (பக்கத்தில் இருப்பவர் மூச்சு விட்டாலே நிமிர்ந்து முறைக்கும் தொழில்.) கணவர் அருள் சரக்குக் கப்பலின் எந்திர அறையில் இருப்பவர், பிரசவத் தேதிக்குப் பத்து நாள் முன்பாக வந்துவிடுவேன் என்று சொல்லிக் கப்பலேறியிருந்தார். காலடிப்பேட்டையில் ஒரு சந்தின் கடைசி வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு காலமும் அக்கம்பக்கத்தாரைக் கண்டால் அழகாகப் புன்னகைப்பேன். அவர்கள் பேச வாயெடுப்பதற்குள் கதவைச் சாத்தியிருப்பேன். யாருக்கும் தொந்தரவாக இராமல் இருப்பதே பண்பு என்று நினைத்திருந்தேன். அந்தப் பண்பு முற்றிய நிலையில், குக்கர் விசில் அடித்தால் “இதோ வந்துட்டேன்” என்று அதற்குப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தேன்.

வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்வது என்ற முடிவும் வாசித்து வந்ததுதான். குளிர்நாட்டுப் பெண்கள் எழுதிய மூன்று தடித்த புத்தகங்கள். அவற்றில் மரத்தரை வீடுகளும் வெதுவெதுப்பான நீர்த்தொட்டிகளும் கையைப் பிடித்துக்கொள்ளும் தோழிகளும் இருந்தார்கள். தோழிகள் வரும் பக்கங்களை மட்டும் நான் வேகமாகப் புரட்டிவிட்டேன். தஞ்சாவூரிலிருந்த அம்மாவோ தொலைபேசியில் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்: “ஆஸ்பத்திரின்னா சொல்லு, நாளைக்கே பஸ் ஏறுறேன். வீட்லதான்னா நீயே பெத்துக்க, நீயே பத்தியமும் சமைச்சுக்க.” அம்மாவின் மகள் என்பதால் எனக்கும் அதே பிடிவாதம்.

பிரசவ வார்டில் செவிலியாகப் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற திலகவதியம்மா பெரம்பூரிலிருந்து வந்து என்னைப் பார்த்தார். மருத்துவமனையிலும் பெயரைப் பதிந்து வைக்கச் சொன்னார். இரத்த அழுத்தம் சற்றே ஏறினாலும் அங்கேதான் போக வேண்டும் என்றார். பிறகு இருபத்தேழு வரிகளில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். கடைசி வரியின்மேல் விரலை வைத்து, “துணைக்கு ரெண்டு பொம்பளைங்க இல்லன்னா நான் வரமாட்டேன் கண்ணு. நான் உன்னப் பாப்பனா, சுடுதண்ணி வைப்பனா, வண்டி கூப்புடுவனா? திங்கக்கிழமைக்குள்ள பேரச் சொல்லு. இல்லன்னா ஆஸ்பத்திரிதான்” என்றார்.

இருபத்தாறு வரிகளை நான்கே நாட்களில் முடித்தேன். இருபத்தேழாவது வரியில் ‘துணைக்கு’ என்றிருந்ததன் பக்கத்தில் முக்காற்புள்ளி இட்டு, அடியில் அளவுகோல் வைத்துக் கோடும் போட்டேன். கோட்டின்மேல் எழுதத்தான் யாரும் இல்லை. (சமையலறைப் பல்லி பெண்தானா என்று ஒரு கணம் யோசித்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.) அருளிடமிருந்து பதினோரு நாட்களாக அழைப்பும் இல்லை. நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்பது தெரிந்ததுதான். ஆனால், தெரிந்த விஷயம் எதுவும் படுக்கையில் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வதில்லை.

திங்கட்கிழமைக்கு ஒரு நாள் இருந்தது. பெயர் கிடைக்காவிட்டாலும் ஒத்திகையாவது பார்ப்போம் என்று ஞாயிறு காலையில் தொடங்கினேன். புத்தகத்தில், அறையைக் காலி செய்யுங்கள் என்றிருந்தது. சுமை தூக்கும் இருவரைக் கூப்பிட்டுக் கட்டில், பீரோ, சோபா எல்லாவற்றையும் சந்தில் இறக்கிவைத்தேன். நாற்காலிகளைச் சுவரோரம் வரிசையாகப் போட்டேன். (நூலகர் அல்லவா, கோணலாகப் போட மனம் வராது.) வெள்ளை விரிப்புகளைக் கொதிநீரில் அலசி வாசலின் குறுக்கே கொடி கட்டிக் காயவைத்தேன். தண்ணீர் லாரிக்காரர் இரண்டு பெரிய டிரம்களை நிரப்பி வாசலில் வைத்துவிட்டுப் போனார். காற்று திரும்பித் தொழிற்சாலைப் பக்கத்து நாற்றம் வந்ததால், ஒரு கட்டு ஊதுபத்தியை மொத்தமாகக் கொளுத்தி வாசற்படியில் செருகினேன். நடுவறையில் காற்றடிக்கும் நீலத் தொட்டியை ஊதி, குழாய் வைத்து நீர் நிரப்பினேன். தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலை விரித்துவிட்டு, பொட்டு வைக்க மறந்து, வெள்ளை நைட்டியில் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். கையில் ஒலிக்காத கைப்பேசி. கடைசியாகப் புத்தகம் சொன்ன மூச்சுப் பயிற்சி: அடிவயிற்றிலிருந்து, தாழ்ந்த குரலில், நீளமாக முனக வேண்டும்.

முனகினேன்.

மூன்றாவது முனகலில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா கொடியில் கிடந்த விரிப்பைக் கிழிக்காத குறையாக விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மீன் வியாபாரம் செய்பவர். நான்கு தெருவுக்குக் கேட்கும் குரல்.

“அய்யோ லைப்ரரி! நாங்கல்லாம் பக்கத்துல கீறோம், நீ மட்டும் தன்னந்தனியா குந்திகினு அயுவுறியே!”

என்னை அப்படியே இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். பின்னாலேயே ஒன்பது பத்துப் பெண்கள். ஒருவர் என் தலையைத் தடவினார், ஒருவர் முதுகை. எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா ஜெபமாலையுடன் பக்கத்தில் அமர்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: “எப்பம்மா ஆச்சு? கப்பல்லயேவா? பாடி எப்ப வருது?”

எனக்குத் தெரியாத ஏதோ இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. பதினோரு நாட்கள்.

“யார்... யார் சொன்னாங்க?”

“யார் சொல்லணும்? வூடே சொல்லுதே” என்றார் கன்னியம்மா.

அதற்குப் பிறகு நான் முனகியது எந்தப் புத்தகத்திலும் இல்லாத முனகல். நான் அழ, அவர்கள் அழ, அவர்கள் அழுவதைப் பார்த்து எனக்குச் செய்தி உறுதியாக, நான் மேலும் அழுதேன். அந்த நேரம் பார்த்து கன்னியம்மாவின் தம்பி வேலு, தன் ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு, ஆளுயர ரோஜா மாலையுடன் உள்ளே வந்தார்.

“ஐஸ் பொட்டிக்குச் சொல்லிட்டேன்க்கா. பிளக் பாயிண்டு எங்க கீது?” என்றவர் நீலத் தொட்டியைப் பார்த்துத் திகைத்தார். “இது இன்னா? தண்ணிலயா வெக்கப்போறீங்க?”

கைப்பேசி ஒலித்தது. அருள். ஏதோ ஒரு துறைமுகம்.

“என்ன அங்க ஒரே சத்தம்? யாரு வீட்ல?”

“நீங்க உயிரோட இருக்கீங்களா?” என்றேன்.

மனிதர் நிதானக்காரர், சரிபார்த்துக்கொண்டுதான் பேசுவார். “இருக்கேன்னுதான் நினைக்கிறேன். ஏன்?”

கன்னியம்மா கைப்பேசியைப் பிடுங்கினார். “யோவ் நைனா! உனுக்கு மாலை வாங்கிட்டோம், ஐஸ் பொட்டி வந்துகினு கீது! இப்ப வந்து உயிரோட கீறேன்ற?” என்று திட்டிவிட்டு, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, அருகிலிருந்ததன் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். அது நீலத் தொட்டி. குளிர்நாட்டில் அதைச் செய்தவர்கள் கன்னியம்மாவைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. தொட்டி ஒருபுறம் மடங்கிப் படுத்தது. தொட்டித் தண்ணீரில் பாதி அறையைக் கடந்து, வாசற்படியைக் கடந்து, என் சோபாவை நோக்கிப் பாய்ந்தது. வேலுவின் கையிலிருந்து நழுவிய மாலை அதில் மிதந்து சந்து முனை வரை ஊர்வலம் போயிற்று.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். கணுக்காலளவு தண்ணீரில் நின்றபடி அவர்கள் கேட்டார்கள்.

“புள்ள பெக்கறதுக்கா இம்மாம் அலப்பற?” என்றார் கன்னியம்மா. “ஒரு வார்த்த சொல்லக்கூடாது?”

“உங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்...”

“நல்லதுன்னா நீ கூப்புடணும்மா. கூப்புடாத வூட்டுக்கு நாங்க எப்டி வர்றது? வளையல் போட்டாங்களா, சோறு துன்னியா, ஒண்ணுந் தெரியாது. தெனம் உன் கதவத்தான் பாத்துகினு போவேன். இன்னிக்கு சாவுன்னு நெனச்சிதான் உள்ள வந்தேன்.”

ஓராண்டாக அந்தக் கதவுக்கு வெளியே இருந்ததெல்லாம் அமைதி என்றே நினைத்திருந்தேன்.

ஸ்டெல்லா அக்கா சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். இருபத்தேழாவது வரியில் குரல் நின்றது. என் மேசையிலிருந்து பேனாவை எடுத்துத் தன் பெயரை எழுதினார். “என் பேரையும் போடு, மொதல்ல போடு” என்றார் கன்னியம்மா. பிறகு யார் முதல் என்று ஒரு சண்டை. முடிவில், நான் அளவுகோல் வைத்துப் போட்ட கோட்டுக்கு மேலும் கீழும் ஓரத்திலுமாகப் பதினொரு பெயர்கள். வேலு தன்னுடையதைப் பன்னிரண்டாவதாக ‘ஆட்டோ’ என்று சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பெயர்களைப் படித்துக் காட்டியபோது திலகவதியம்மா, “ரெண்டு பேருதான் கண்ணு கேட்டேன்” என்றார்.

இவ்வளவுக்கும் பிறகு பிள்ளை வீட்டில் பிறக்கவில்லை. மூன்றாவது வாரம் திலகவதியம்மா என் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார்; முகம் மாறியது; “கெளம்பு” என்றார். நான் புத்தகத்தைத் தேடுவதற்குள் கன்னியம்மா என்னை ஆட்டோவில் ஏற்றியிருந்தார். பிரசவ அறைக்குள் ஒருவரைத்தான் விடுவார்களாம். ஸ்டெல்லா அக்கா வந்தார். புத்தகங்களில் நான் வேகமாகப் புரட்டிய பக்கங்களில் இருந்த கை அதுதான். மற்ற பத்துப் பேரும் வெளியே வரிசையாகக் குந்தியிருந்ததைப் பார்த்த காவலாளி, “யாரு தவறிட்டாங்க?” என்று துக்கத்துடன் விசாரித்திருக்கிறார். மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி என்றதும் சொன்னபடியே மறுநாள் பஸ்ஸில் வந்திறங்கிய அம்மாவுக்கு, என் கட்டில் அருகே நிற்கக்கூட இடம் கிடைக்கவில்லை. தான் சாகாத விவரங்களை முழுமையாகக் கேட்டறிய அருள் நான்காம் நாள் வந்து சேர்ந்தார்.

மகளுக்கு இப்போது ஏழு வயது. ஒவ்வொரு பிறந்தநாளிலும் கன்னியம்மா ரோஜா மாலையுடன் சந்து முனையிலிருந்தே குரல் கொடுப்பார்: “லைப்ரரி! யார்னா பூட்டாங்களா?”

“இன்னும் இல்ல பெரிம்மா, உள்ள வா!” என்று மகள் கத்துவாள். அருள் மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டு, சுவரோரம் கண்ணை மூடிச் சற்று நேரம் உட்கார்ந்திருப்பார். அது வழக்கமாகிவிட்டது.

நான் அவர்களில் ஒருவரைக்கூட இன்றுவரை பிறந்தநாளுக்கு அழைத்ததில்லை. அழைத்தால் விருந்தாளிகளாக வந்துவிடுவார்களோ என்று பயம்.