பன்னிரண்டு மாதமும் சீசன்

வேர்வைக்கு என்று சங்கரன்கோவிலில் ஒரு பதவி இருந்தால், அந்த நாற்காலியில் எங்கள் சீசன் அண்ணாச்சியைத் தவிர யாரும் உட்கார முடியாது. குற்றாலத்தில் சீசன் மூன்று மாதம். இவர் நெற்றியில் பன்னிரண்டு மாதமும். மார்கழிக் காலையில் நாங்கள் நடுங்கிக்கொண்டே கடை திறப்போம். சட்டை முதுகில் ஒட்ட நிற்கிற அண்ணாச்சி, "இன்னைக்குக் கொஞ்சம் புழுக்கம்" என்பார்.

நான் பில் போடுகிற ஜவுளிக்கடையில் அவர் பட்டுச் சேலைப் பிரிவு. ஈரக் கையனைப் பட்டுக்கு அனுப்பிய கடவுளின் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்ல! அண்ணாச்சி அசரவில்லை. தினமும் நாலு துண்டோடு வருவார்: நெற்றிக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று, நாலாவது அவசரத்துக்கு. கையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் சேலையை விரிப்பார். "உடம்புக்கு முடியலையா?" என்று யாராவது உருகினால், "உடம்பு கல்லு மாதிரி இருக்கு, வேர்க்குது, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்.

நம் சனம் விடுமா? எங்கள் கடையில் ஒரே விலை. ஆனால் விலை சொல்லும்போது அவருக்குச் சொட்டுவதைப் பார்த்த புளியங்குடி அம்மாள் ஒருத்தி மகளைக் கிள்ளினாள்: "ஏட்டி, ஆளுக்கு வேர்த்துட்டு. இன்னும் அழுத்திக் கேளு." ஒரு மணி நேரம் அழுத்தினார்கள். இரண்டு துண்டு நனைந்ததுதான் மிச்சம், விலை அசையவில்லை.

அப்போதுதான் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து செல்வி வேலைக்கு வந்தாள். அவள் சம்பாத்தியத்தில்தான் வீடு ஓடியது. அவளுக்கும் உள்ளங்கை வேர்க்கும். அதை யாரிடமும் சொல்லாமல், முகப் பவுடரைக் கையில் அப்பிச் சமாளித்தாள். மூன்றாம் நாள், கல்யாண வீட்டார் எடுத்து வைத்த அரக்குப் பட்டில் ஐந்து வெள்ளை விரல்கள் பதிந்தன. "முகூர்த்தச் சேலையில பேய் கை வச்சாப்லல்லா இருக்கு!" என்று பெண்ணின் அத்தை அலற, கூட்டமே எழுந்து போய்விட்டது.

"நாளையிலேருந்து வராண்டாம்" என்றார் முதலாளி. செல்வி முந்தானைக்குள் கையை ஒளித்துக்கொண்டு அழுதாள்.

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப நானும் வரல, மொதலாளி. வேர்க்குத ஆளு வேண்டாம்னா, மொத ஆளு நாந்தான?"

"நீரு போனா பட்டை யாரு வே காட்டுவா?"

"நானும் அவளும் சேர்ந்தே காட்டுதோம். பட்டு செக்ஷன்ல எல்லாத்துக்கும் வெள்ளைத் துணி கிளவுஸ் வாங்கிக் குடுங்க. பவுடரும் வேண்டாம், பேயும் வராது."

முதலாளிக்கு வேறு வழியில்லை. மறு வாரம் கிளவுஸைப் பார்த்து, "பெரிய கடைன்னா இப்படில்லா இருக்கணும்!" என்று ஊரே வாயைப் பிளந்தது. எல்லாம் தன் யோசனைதான் என்று முதலாளி மிகுந்த அடக்கத்தோடு அனைவரிடமும் சொல்லிக்கொண்டார்.

அண்ணாச்சியும் அவர் வீட்டம்மாவும் செல்வியைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்த் தோல் டாக்டரிடம் காட்டினார்கள். மருந்தில் வேர்வை கொஞ்சம் குறைந்தது, கூச்சம்தான் குறையவில்லை. "நாமளே முந்திச் சொல்லிரணும் தாயி. பெறவு ஊருக்குப் பேச என்ன இருக்கு?" என்று அண்ணாச்சி தினமும் ஓதினார். அவள் தலையை ஆட்டுவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

போன ஆவணியில், கடை நிறைய முகூர்த்தக் கூட்டம். திருவேங்கடத்துக்காரர் ஒருவர் செல்வியின் கிளவுஸைக் காட்டி, "கைல என்னம்மா கட்டு, புண்ணா?" என்றார்.

அவள் கையிலிருந்த சேலையைக் கீழே வைத்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "புண்ணெல்லாம் இல்ல. எனக்குச் சின்னதுலேருந்தே கை வேர்க்கும். பட்டுல கறை பட்டுரக் கூடாதுல்லா, அதான்" என்றாள்.

"அப்படியா, சரி. அந்தப் பச்சையை எடும்மா" என்றார் அவர். இந்த ஒரு வரிப் பதிலுக்குப் பயந்துதான் இந்தப் பிள்ளை இத்தனை வருஷம் கையை ஒளித்து வைத்திருக்கிறது!

சீசன் அண்ணாச்சி வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு என் மேஜைக்கு ஓடி வந்தார். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, "கேட்டீரா வே? கேட்டீரா?" என்று உலுக்கினார். என் கையிலிருந்த பில் நனைந்து கந்தலாகிவிட்டது. பில்லை இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்று, கையை அவரிடமே விட்டுவைத்தேன்.